முட்டையைப் பாடிய புலவரும் என் நாலு லட்சம் வியூஸும்

 

இன்னும் கொஞ்ச நாள்ல பழனி பாதயாத்திரைக்கு மாலை போடப் போறோம். எங்க வாட்ஸ்அப் க்ரூப்ல லிஸ்ட் ஓடிட்டிருக்கு. யார் யார் வர்றாங்க, எந்த ஊர்ல ராத்திரி தங்கறது, கால் கொப்புளத்துக்கு மருந்து யார் எடுத்துட்டு வர்றது, இப்படி. அந்த லிஸ்ட்ல வருஷா வருஷம் முதல் ஆளா வர்ற ஒரு பேர் இந்த வருஷம் இல்ல. ஏன்னு க்ரூப்ல யாரும் கேட்கல. எல்லாருக்கும் தெரியும். காரணம் நான்தான்.

அதைச் சொல்றதுக்கு முன்னாடி என் தாத்தாவோட ஹீரோவைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். சுத்தி வளைக்கிறேன்னு நினைக்காதீங்க. நான் செஞ்சது என்னன்னு எனக்கே அந்த வழியாத்தான் புரிஞ்சது.

எங்க வீடு திருச்சி. தாத்தாவுக்கு 88 வயசு. இன்னிக்கும் காலையில குளிச்சு விபூதி பூசிக்கிட்டு அவர் முணுமுணுக்கறது எம்.கே.தியாகராஜ பாகவதர் பாட்டுதான். மாயவரத்துல ஒரு பொற்கொல்லர் குடும்பத்துல 1910ல் பிறந்து, திருச்சியில வளர்ந்தவர் பாகவதர். அதனால தாத்தாவுக்கு அவர் "நம்ம ஊர்க்காரர்". 1934ல் 'பவளக்கொடி'யில ஆரம்பிச்சு மொத்தமே பதினாலு பதினஞ்சு படம்தான் நடிச்சிருக்கார். ஆனா தமிழ்ல முதல் சூப்பர் ஸ்டார்னா அவர்தான். அவர் மாதிரி தலைமுடி வளர்த்துக்கறதுக்கு 'பாகவதர் கிராப்'னே பேர் வந்துச்சு. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளியைப் பார்த்துச்சு. இப்போ மூணு வாரம் ஓடினாலே சக்ஸஸ் மீட் வைக்கிறாங்க!

அந்தப் படத்தைத் தாத்தா எட்டு வயசுல, டூரிங் கொட்டாயில மணல்ல உட்கார்ந்து பார்த்திருக்கார். அப்பா அம்மாவை மதிக்காம ஆணவத்துல ஆடற ஒருத்தன், காலை இழந்து, எல்லாத்தையும் இழந்து, திருந்தி பக்தனாகிற கதை. தாத்தா அழுதாராம். ஆனா அவர் அழுதுட்டிருந்த அந்த ராத்திரி, திரையில பாடிட்டிருந்த மனுஷன் ஜெயில்ல இருந்தார். எட்டு வயசுப் பையனுக்கு அது தெரியல.

அந்த ஜெயிலுக்கு அப்புறம் வர்றேன். அதுக்கு முந்தின வருஷம், 1943ல், பாகவதர் நடிச்ச 'சிவகவி' நம்ம ஆளுங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய படம். பாட்டெல்லாம் பாபநாசம் சிவன். கதை பொய்யாமொழிப் புலவரோடது. தஞ்சைவாணன் கோவை எழுதினவர். அவரைப் பத்தி வழிவழியா சொல்ற ஒரு கதை உண்டு, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். எங்க தாத்தா சொல்ற மாதிரியே சொல்றேன்.

புலவர் தீவிர சிவபக்தர். சிவனைத் தவிர யாரையும் பாட மாட்டேன்னு வைராக்கியம். முருகனைப் பாடுங்கன்னு கேட்டா, கோழியைப் பாடற வாயால போயி குஞ்சைப் பாடுவாங்களான்னு சிரிக்கிறார். ஒருநாள் காட்டு வழியில தனியா போறார். ஒரு வேடன் வில்லும் கையுமா வந்து மறிக்கிறான்.

"நீ பெரிய புலவனாமே. என்மேல ஒரு பாட்டுப் பாடு."

உயிர் பயம். சரி, உன் பேர் என்னப்பான்னு கேட்கிறார்.

"முட்டை."

சிவனைத் தவிர யாரையும் பாடாத புலவர் முட்டையைப் பாடிட்டார். வேடன் சிரிக்கிறான். குஞ்சையே பாட மாட்டேன்னவர் இப்போ முட்டையைப் பாடிட்டீங்களே ஐயா! அப்புறம்தான் வந்தது யாருன்னு புலவருக்குத் தெரியுது.

சின்ன வயசுல இந்தக் கதை எனக்கு வெறும் காமெடி. முருகன் செம கலாய் கலாய்ச்சிட்டார்னு சிரிப்பேன். இப்போ சிரிப்பு வரல. பொய்யாமொழிப் புலவர் காசுக்கு ஆசைப்படல. பொய் சொல்லல. அவர்கிட்ட இருந்ததெல்லாம் பக்திதான். அந்தப் பக்திக்குள்ளயே ஒருத்தன் கால்மேல கால் போட்டு உட்கார்ந்திருந்தான். ஈகோன்னா நாம பெரிய கார், ப்ளூ டிக், பவுன்சரோட வர்ற நடிகர்னு நினைக்கிறோம். அதெல்லாம் ஈஸியா கண்ணுக்குத் தெரியற ஈகோ. விபூதி பூசிக்கிட்டு நிக்கற ஈகோவைக் கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம். எங்க வேலையில புரோகிராம் தப்பா ஓடினா லாக் ஃபைலைத் திறந்து பார்ப்போம். அந்த லாக் எழுதற கோடுலயே தப்பு இருந்தா? எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு அது பாட்டுக்குக் காட்டிட்டே இருக்கும். நாமளும் நம்பிட்டே இருப்போம்.

சரி, என் கதைக்கு வர்றேன்.

காலேஜ் படிக்கும்போது நான் ஒரு நடிகரோட வெறியன். பேர் வேணாம், அந்தச் சண்டை இங்க வேண்டாம். முதல் நாள் முதல் ஷோவுக்குக் கட்அவுட் மேல ஏறிப் பால் ஊத்தியிருக்கேன். வேலைக்கு வந்தப்புறம் அது தானாக் கழண்டு போச்சு. முருகன் பக்கம் வந்தேன். சஷ்டி விரதம், கிருத்திகை, கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர். அப்படியே ஒரு இன்ஸ்டா பேஜும் ஆரம்பிச்சேன். வேல், மயில், பின்னாடி பாட்டு. சினிமாப் பைத்தியத்துல இருந்து முருகன் என்னைத் தூக்கி வெளிய விட்டுட்டார்னு நானே ஒரு போஸ்ட் போட்டு அதுக்குப் பத்தாயிரம் லைக் வாங்கினேன். இப்போ யோசிச்சா, கட்அவுட்டுக்குப் பால் ஊத்தினப்போ கீழ இருந்து எத்தனை பேர் என்னைப் பார்க்கிறாங்கன்னு ஒரு கண்ணால பார்த்துட்டே ஊத்தினேன். பேஜ்லயும் அதே கண்ணுதான். ஊத்தற இடம் மட்டும் மாறியிருந்தது.

போன தைப்பூசத்துக்குத் திருச்சியில இருந்து நடந்தோம். எங்க தெருப் பெரியம்மா ஒருத்தங்க, அறுபது வயசுக்கு மேல, செருப்பில்லாம வருவாங்க. பத்து வருஷத்துக்கு மேல நடக்கறவங்க. மணப்பாறை தாண்டி ஒரு ராத்திரி, எல்லாரும் முன்னாடி போயிட்டாங்க, நானும் அவங்களும் மட்டும் பின்னாடி. அவங்க கால்ல தோல் உரிஞ்சு ரத்தம். உட்காருங்கன்னா கேட்கல. நடந்துட்டே, எதுக்காக வருஷா வருஷம் நடக்கிறாங்கன்னு சொன்னாங்க. வீட்டு விஷயம். சொல்லும்போது அவங்க என்னைப் பார்க்கல, ரோட்டைப் பார்த்துட்டே சொன்னாங்க.

நான் அவங்க காலை வீடியோ எடுத்தேன். பக்கவாட்டுல இருந்து முகமும் வந்துச்சு. காலையில டீக்கடையில உட்கார்ந்து எடிட் பண்ணி, அவங்க வேண்டுதல் என்னன்னு கேப்ஷன்ல எழுதிப் போட்டேன். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கல. சத்தியமாச் சொல்றேன், அப்போ எனக்கு அது தப்பாத் தோணல. முருகன் பெருமையை நாலு பேருக்குச் சொல்றோம், ஒரு தாயோட பக்தியை உலகத்துக்குக் காட்டறோம்னுதான் இருந்துச்சு. ஒட்டன்சத்திரம் போறதுக்குள்ள ஒரு லட்சம் வியூஸ். பழனியில இறங்கும்போது ரெண்டரை. கடைசியா நான் பார்த்தப்போ நாலு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

பழனி மலைக்கோயிலுக்குள்ள 2023ல இருந்து போன் கொண்டு போகக்கூடாது, உங்களுக்குத் தெரியும். கவுன்ட்டர்ல போனைக் குடுத்துட்டு டோக்கன் வாங்கினேன். கை வெறுமையா இருந்துச்சு. வரிசையில நிக்கும்போது ரெண்டு தடவை பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தேன். அப்புறம் சன்னதி. ஆறு நாள் நடந்து வந்து, தண்டாயுதபாணிக்கு முன்னாடி அதிகபட்சம் பத்து செகண்ட். அந்தப் பத்து செகண்ட்ல என் மனசு என்ன பண்ணிட்டிருந்தது தெரியுமா? இந்தக் காட்சியை எப்படி எழுதினா நல்லா இருக்கும்னு முதல் வரி யோசிச்சிட்டிருந்தது. போன் கீழ கவுன்ட்டர்ல. கேமரா உள்ள ஓடிட்டே இருக்கு. "நகருங்க, நகருங்க"ன்னு தள்ளிவிட்டாங்க. வெளிய வந்ததும் நான் முருகனைப் பார்த்தேனான்னு எனக்கே தெரியல.

ஊர் திரும்பி நாலாவது நாள் பெரியம்மா வீட்டுக்கு வந்தாங்க. உள்ள வரல, வாசல்லயே நின்னாங்க. வீடியோ அவங்க சொந்தக்காரங்க க்ரூப்ல சுத்தி, யாரைப் பத்தி வேண்டிக்கிட்டாங்களோ அவங்க கையிலயே போய்ச் சேர்ந்திருந்தது. கீழ ஆயிரக்கணக்கான கமென்ட், அவங்க குடும்பத்தைப் பத்தி முன்பின் தெரியாதவங்க சொன்ன தீர்ப்பு. பெரியம்மா சத்தம் போடல.

"முருகன்கிட்ட சொன்னதை நீ ஊருக்கே சொல்லிட்டியேப்பா."

அவ்ளோதான் சொன்னாங்க. போயிட்டாங்க.

அன்னிக்கே டெலீட் பண்ணேன். அதனால ஒண்ணும் ஆகல. ரெண்டு வாரம் கழிச்சு வேற ஏதோ மியூசிக்கோட, வேற ஊர் அம்மான்னு, என் ஆபீஸ் க்ரூப்புக்கே அது வந்துச்சு. கீழ நிறைய "ஓம் முருகா". அந்த வேண்டுதல் என்னன்னு இங்க நான் எழுதல, கவனிச்சிருப்பீங்க. அதுக்கப்புறம் அந்த வீட்ல என்ன ஆச்சுன்னும் எழுத மாட்டேன். தயவுசெஞ்சு கமென்ட்ல கேட்காதீங்க.

இந்தச் சமயத்துலதான் ஒரு ஞாயித்துக்கிழமை தாத்தாகிட்ட பாகவதர் ஜெயிலுக்குப் போன கதையைக் கேட்டேன். முன்னாடி நூறு தடவை கேட்ட கதைதான். லக்ஷ்மிகாந்தன்னு ஒருத்தர் 'இந்துநேசன்'னு ஒரு பத்திரிகை நடத்தினார். பெரிய மனுஷங்க, சினிமாக்காரங்க வீட்டு விஷயங்களைத் தேடிப் பிடிச்சு எழுதற பத்திரிகை. நல்லாவே வித்துச்சு. 1944 நவம்பர்ல, சென்னை வேப்பேரியில அவரைக் கத்தியால குத்தினாங்க. மறுநாள் இறந்துட்டார். அந்தக் கேஸ்ல பாகவதர், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு மூணு பேரையும் கைது பண்ணாங்க. நாயுடு விடுதலை ஆயிட்டார். மத்த ரெண்டு பேருக்கும் 1945ல ஆயுள் தண்டனை. லண்டன் ப்ரிவி கவுன்சில் வரைக்கும் அப்பீல் போயி, கேஸ் திரும்ப சென்னை ஹைகோர்ட்டுக்கே வந்து, 1947ல குற்றவாளிகள் இல்லன்னு விடுதலை. ரெண்டு வருஷத்துக்கு மேல உள்ள இருந்துட்டாங்க. அந்த ரெண்டு வருஷமும் பிராட்வேயில ஹரிதாஸ் ஓடிட்டே இருந்துச்சு.

வெளிய வந்தப்புறம் பாகவதர் 'ராஜமுக்தி', 'அமரகவி'ன்னு நடிச்சார். பழையபடி ஓடல. 1959 நவம்பர் 1ல இறந்தப்போ வயசு 49.

இந்தக் கதையை வச்சு "ஆணவம் அழிந்தது, முருகன் பாடம் புகட்டினார்"னு யாராவது எழுதினா ஷேர் பிச்சுக்கும். நானே கூட ரெண்டு வருஷம் முன்னாடி அப்படி எழுதியிருப்பேன். அதைத் தாத்தாகிட்ட சொன்னேன். "சிவகவியில புலவரா நடிச்சவரு, கடைசியில அவர் வாழ்க்கையிலயே அது நடந்துடுச்சுல்ல தாத்தா, கர்மா"ன்னு.

தாத்தாவுக்குக் கோபம் வந்துடுச்சு. "எந்தத் தப்பும் பண்ணலன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. நீ யாருடா முருகனுக்கு வக்கீல்? அதே ஜெயில்ல இருந்த கிருஷ்ணன் வெளிய வந்து எவ்வளவு படம் பண்ணாரு, ஊரே சிரிச்சுது. அப்போ அவருக்கு மட்டும் கர்மா இல்லையா?"

பதில் சொல்ல முடியல. ஒரே கேஸ், ஒரே தண்டனை, ஒரே விடுதலை. ஒருத்தருக்கு மார்க்கெட் திரும்ப வந்துச்சு, ஒருத்தருக்கு வரல. ஜனங்க ரசனை மாறிடுச்சு, பாட்டு குறைஞ்சு வசனம் வந்துடுச்சு, அதுதான் நடந்தது. அதுக்குள்ள முருகனைக் கொண்டுவந்து நீதிபதி சீட்ல உட்கார வச்சது நான். ஒருத்தர் உச்சியில இருக்கும்போது பார்த்து ரசிக்கிறோம், விழும்போது அதைவிட நல்லா ரசிக்கிறோம், அதுக்குப் பக்தின்னு பேர் வேற வைக்கிறோம். ஹரிதாஸுக்கு டிக்கெட் வாங்கின கைகள்ல எத்தனை கை இந்துநேசனும் வாங்கியிருக்கும்?

அப்போதான் எனக்கு உறைச்சது. லக்ஷ்மிகாந்தன் செஞ்சதுக்கும் நான் செஞ்சதுக்கும் என்ன வித்தியாசம்? அவர் வீட்டு விஷயத்தைக் காசுக்குப் போட்டார். நான் முருகன் பேரைச் சொல்லிப் போட்டேன். சொல்லப்போனா அவர் பண்ணினது கிசுகிசுன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியல. அதுவும் அவர் எழுதினது பிரபலங்களைப் பத்தி. நான், யாருக்கும் தெரியாம ராத்திரி ரோட்டோரமா நடந்துட்டிருந்த ஒரு பெரியம்மாவைக் கேட்காமலே பிரபலமாக்கினேன். புகழ் வேணும்னு அலையற நடிகரைக் கிண்டல் பண்றோமே, புகழே வேண்டாம்னு இருக்கறவங்க தலையில அதைக் கொண்டுபோய் வைக்கறது அதைவிட மோசம் இல்லையா?

ஒரு சமாதானம் எனக்குக் கையிலயே இருந்துச்சு. சூரபத்மனை முருகன் கொல்லல, மயிலாவும் சேவலாவும் மாத்தித் தன்னோடயே வச்சுக்கிட்டார்ல. ஆணவத்தை அழிக்க வேண்டாம், அவருக்கு வாகனமாக்கிட்டா போதும். என் பேஜும் அந்த மயில் மாதிரிதான், முருகனைத் தானே சுமக்குது? ரொம்ப நாள் இதைச் சொல்லியே என்னை நான் தேத்திக்கிட்டேன். நம்மள்ல பேஜ் நடத்தற நிறைய பேர் இதைத்தான் சொல்லிக்கிறோம். ஆனா சூரன் மயிலாகறதுக்கு முன்னாடி வேல் அவனை ரெண்டாப் பிளந்துச்சு. அந்தப் பகுதியை நான் வசதியா ஸ்கிப் பண்ணிட்டேன். என்னை எதுவும் பிளக்கல. அப்படியே முழுசா இருந்துக்கிட்டு, மேல ஒரு மயில் இறகை மட்டும் சொருகிக்கிட்டேன்.

ஆவணியில ஒருநாள் யார்கிட்டயும் சொல்லாம பஸ் ஏறிப் பழனி போனேன். கூட்டம் இல்ல. காலையில ஆண்டிக் கோலம் பார்த்தேன். கீழ இறங்காம மேலயே பிரகாரத்துல உட்கார்ந்திருந்தேன். நேரமாக ஆக, வேடர் அலங்காரம். மனசுக்குள்ள முட்டைக் கதை வந்து போச்சு. சாயரட்சைக்கு ராஜ அலங்காரம். கிரீடம், பட்டு, அவ்வளவு நகை. காலையில கோவணத்தோட நின்ன அதே சிலை. பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு, "அப்பா, காலையில வந்தது வேற சாமியா?"ன்னு கேட்டுச்சு. அவங்க அப்பா, "அதே சாமிதாம்மா. இவங்க போடறதைப் போட்டுக்குவாரு, எடுக்கறப்போ எடுக்கட்டும்னு நிப்பாரு"ன்னார். அந்த அண்ணன் ஏதோ தத்துவம் சொல்லணும்னு சொல்லல, பொண்ணைத் தூக்கிக்கிட்டு வரிசையில போயிட்டிருந்தார்.

அன்னிக்கும் சன்னதியில பத்து செகண்ட்தான். அந்தப் பத்து செகண்டும் முதல் வரி எதுவும் யோசிக்கலன்னு சொன்னா பொய். பாதி நேரம் யோசிச்சேன். பாதி நேரம் பார்த்தேன்.

பேஜை மூடிட்டியான்னு கேட்பீங்க. இல்ல. மூடிட்டு "எல்லாத்தையும் துறந்துட்டேன்"னு ஒரு போஸ்ட் போட்டா அதுக்கு இன்னும் அதிகமா லைக் வரும்னு உள்ள ஒருத்தன் கணக்குப் போடறான், அவனை எனக்கு நல்லாத் தெரியும். மனுஷங்க முகத்தை மட்டும் போடறதில்ல இப்போ. யாராவது அவங்க வேண்டுதலைச் சொன்னா கேட்டுக்கறேன், அவ்வளவுதான். இதை எழுதும்போதும் சந்தேகம் இருக்கு, தப்பை ஒத்துக்கிட்டு நல்ல பேர் வாங்கப் பார்க்கிறேனோன்னு. இருக்கலாம். அதுக்காகத்தான் இதை முதல்ல பெரியம்மாகிட்ட படிச்சுக் காட்டிட்டு, அவங்க சரின்னா மட்டும் போடறதுன்னு முடிவு பண்ணேன்.

போன வாரம் போனேன். இந்தத் தடவை உள்ள கூப்பிட்டாங்க. முழுசும் கேட்டாங்க. பாகவதர் வந்த இடத்துல மட்டும் "அவர் பாட்டு எங்க அப்பாவுக்கும் உசுரு"ன்னாங்க. ரெண்டு இடத்துல ஒரு வரியை எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டேன். பெரியம்மான்னு மட்டும் போடு, தெருப் பேர் எதுவும் வேண்டாம்னாங்க.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கிட்டே கேட்டேன், "இந்தத் தைப்பூசத்துக்கு நம்ம க்ரூப்போட நடக்கிறீங்களா பெரியம்மா?"

"நீ போனை வீட்ல வச்சுட்டு வருவியா?"

"வச்சுட்டு வர்றேன்."

"பார்ப்போம்"னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. லிஸ்ட்ல முதல் இடத்தைக் காலியா விட்டு வச்சிருக்கேன்.